ஜனம்சாகியும் ஆண்டுக் கணக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குருநானக் ஜெயந்தியன்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். சீக்கியர் வரலாறு தமிழில் எழுதப்படுவதே அரிது. ஆனால் குரு ராமேசுவரம் வழியாக இலங்கை சென்று சிவநாப் என்னும் அரசனைச் சந்தித்தார் என்பதைக் கல்வெட்டில் கண்டதுபோல ஆண்டு குறித்து எழுதியிருந்தது எனக்கு உறுத்தியது.

அச்செய்தி ஜனம்சாகி எனப்படும் பக்திச் சரிதங்களிலிருந்து வருவது. 1539இல் குரு மறைந்து தலைமுறைகள் கழிந்தபின் எழுத்தில் உருப்பெற்றவை அவை. திருவிளையாடல் கேட்டு வளர்ந்த மதுரைக்காரர்களுக்கு அவற்றின் இயல்பை விளக்க வேண்டியதில்லை. புராணத்தைப் போற்றுவது வேறு, அதைக்கொண்டு பாண்டியரின் ஆட்சியாண்டைக் கணிப்பது வேறு. பாலா ஜனம்சாகி, குருவுடன் திரிந்த பாய் பாலா நேரில் சொல்லச்சொல்ல எழுதப்பட்டதாகத் தன்னைப் பற்றிக் கூறுகிறது. ஆனால் குருவின் தொண்டர்களைப் பெயர் சொல்லிப் பாடும் பாய் குர்தாஸ் அந்தப் பெயரைச் சொல்லவேயில்லை. 1604இல் ஐந்தாம் குருவான அர்ஜன் சீக்கியரின் புனித நூலான ஆதி கிரந்தத்தைத் தொகுத்தபோது ஏடெழுதியவர் இந்த குர்தாஸ்தான். அந்தக் கிரந்தத்திலேயே, பாபர் படையெடுப்பில் மக்கள் பட்ட பாட்டைக் குருநானக் தாமே கலங்கிப் பாடிய பாடல்கள் இருக்கின்றன. கட்டுரையில் அவற்றைப் பற்றி ஒரு வரியும் இல்லாதது பெருங்குறை.

1606இல் குரு அர்ஜன் லாகூரில் உயிர்நீத்த நிகழ்வையும் கட்டுரை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டது. கலகம் செய்த தம் மகன் குஸ்ரூவின் நெற்றியில் குரு திலகமிட்டார் என்றும், குருவைக் கொல்ல ஆணையிட்டேன் என்றும் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரே தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அப்போது லாகூரிலிருந்த ஏசு சபைப் பாதிரியார் ஜெரோம் சேவியரோ, அவ்வாண்டு செப்டம்பரில் எழுதிய கடிதத்தில், குருவுக்கு விதித்த அபராதத்துக்குப் பிணை நின்ற செல்வந்தர் ஒருவர் பணத்துக்காக அவரை வதைத்ததில் அவர் இறந்தார் என்கிறார். சீக்கிய மரபு, சந்து என்பவரின் பகையைச் சொல்கிறது. இம்மூன்றும் அவரவர் நின்ற இடத்திலிருந்து பேசுபவை.

அதே 1606இன் நவம்பரில்தான், அதே சபையைச் சேர்ந்த ராபர்ட் தெ நொபிலி நம் மதுரைக்கு வந்தார். அச்சபையாரின் கடிதங்களைத் தொடாமல் திருமலை நாயக்கர் காலத்தை யாரும் எழுத முடியாது. மதம் பரப்ப வந்தவர்களின் பார்வை அது என்பதை மனத்தில் இருத்தி, எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று மாணவர்களோடு வரிவரியாக வாதிட்டுப் பாடம் நடத்தியவன் நான். அந்தக் கவனம் சீக்கியர் வரலாற்றுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

சென்ற மாசியில் ராமேசுவரம் குருத்வாராவுக்குச் சென்றிருந்தேன். பந்தியில் ரொட்டியும் பருப்பும் உண்கையில், பக்கத்தில் அமர்ந்திருந்த அமிர்தசரஸ் பெரியவர் ஒருவர், பட்டுப்போயிருந்த சிவநாபின் தோட்டம் குருவின் கால் பட்டதும் தளிர்த்த கதையைக் கண்கலங்கச் சொன்னார். எனக்கும் நெஞ்சு நெகிழ்ந்தது. அவர் அந்தக் கதைக்கு ஆண்டு எதுவும் சொல்லவில்லை.

தாங்களும் அடுத்த ஜெயந்திக் கட்டுரையில் அந்த ஆண்டை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் ‘ஜனம்சாகி கூறுகிறது’ என்று அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திருப்பரங்குன்றம், மதுரை