இணையதளத்தில் ‘உண்டு’, மின்கம்பத்தில் ‘இல்லை’

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காங்கயம் வட்டத்தில், தாராபுரம் சாலையிலிருந்து பிரிந்து செல்லும் ஓர் இட்டேரியின் கடைசியில் எங்கள் தோட்டத்து வீடு இருக்கிறது. இந்த வீட்டுக்கு ஃபைபர் (கண்ணாடி இழை) இணைய இணைப்பு கிடைக்குமா என்ற ஒரே கேள்விக்கு, கடந்த நான்கு மாதங்களில், ஒரே நிறுவனத்திடமிருந்து ஐந்து விதமான பதில்களைப் பெற்றுவிட்டேன். ‘கிடைக்காது’ என்று ஒருவர் திட்டமாகச் சொல்லியிருந்தால்கூட வேறு வழி பார்த்திருப்போம். அப்படிச் சொல்லவும் ஆளில்லாததால் தங்கள் நாளிதழ் வழியாக இதை எழுதுகிறேன்.

எங்கள் மருமகள் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. செல்பேசிச் சிக்னல் எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. கிணற்று மேட்டில் மோட்டார் ரூமுக்கு மேற்குப் பக்கம் மட்டும் நன்றாகக் கிடைக்கும். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுடன் மாலையில் நடக்கும் வீடியோ கூட்டங்களுக்கு அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறார். மோட்டார் ஓடினால் பேச்சுக் கேட்காது என்பதால், அவருடைய கூட்டம் முடிந்த பிறகுதான் எங்கள் வீட்டில் தென்னைக்குத் தண்ணீர் பாய்கிறது.

முதலில் நிறுவனத்தின் இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கொடுத்துப் பார்த்தோம். ‘உங்கள் பகுதியில் சேவை உண்டு’ என்று வந்தது. உடனே 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்தோம். மறுநாள் வாடிக்கையாளர் சேவை மையத்திலிருந்து அழைத்த பெண், எங்கள் முகவரி ‘ஃபீசிபிள்’ இல்லை, அதாவது அங்கே இணைப்புத் தரச் சாத்தியமில்லை என்றார். பணம் திரும்பும் என்று காத்திருந்தபோது, இணைப்பு கொடுத்தாகிவிட்டது என்று வாழ்த்தி ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதைக் காட்டி உள்ளூர் முகவரிடம் கேட்டதற்கு, லைன் இருக்கிறது, ஒயரைச் செருகும் துளையான போர்ட்தான் காலியில்லை என்றார். பிறகு வந்த விற்பனைப் பிரதிநிதி ஒருவர், உடனடியாகத் தந்துவிடலாம் என்று மகிழ்ச்சியோடு சொன்னார். விசாரித்தால், அவர் தருவதாகச் சொன்னது 5ஜி அலைவரிசையில், கூரையில் ஒரு பெட்டியை மாட்டித் தரும் கம்பியில்லா இணைப்பு. விளம்பரத்தில் ஃபைபர் என்ற சொல் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில்தான் ஃபைபர் இல்லை. சிக்னலே எட்டாத வீட்டுக்கு அதை வாங்கி என்ன செய்வது என்று கேட்டேன். அவர் அதற்குப் பிறகு அழைக்கவில்லை.

இதில் புகார் செய்யலாம் என்றால், புகார் எண் தருவதற்கு முன் வாடிக்கையாளர் எண்ணைக் கேட்கிறார்கள். இணைப்பே இல்லாதவனுக்கு வாடிக்கையாளர் எண் எங்கிருந்து வரும்?

உண்மை நிலவரம் என்ன என்பதை லைன் பார்க்கும் ஓர் இளைஞர்தான் எனக்குக் காட்டினார். எங்கள் வீட்டிலிருந்து நான்காவது மின்கம்பத்தில் ஒரு கறுப்புப் பெட்டி தொங்குகிறது. அவர் ஏணி போட்டு ஏறி அதைத் திறந்தார். உள்ளே எட்டுத் துளைகள். எட்டிலும் பச்சை முனை கொண்ட ஒயர்கள் செருகியிருந்தன. “பாருங்கய்யா, எட்டும் ஃபுல்லுங்க” என்றவர், ஒவ்வொரு ஒயராகக் கையால் பிடித்து எங்கே போகிறது என்று கண்ணால் தொடர்ந்தார். ஆறு ஒயர்கள் வீடுகளுக்குப் போயின. மற்ற இரண்டும் கம்பத்திலேயே சுருட்டி, சணல் கயிற்றால் கட்டி விடப்பட்டிருந்தன. அவை சென்ற ஆண்டு மூடப்பட்ட ஒரு தேங்காய்க் களத்தின் அலுவலகத்துக்குக் கொடுத்த இணைப்புகள் என்றும், கணினியில் இன்னும் நடப்பில் இருப்பதாகவே காட்டும் என்றும் சொன்னார். அதில் ஒன்றைக் கழற்றி, அந்தத் துளையில் வரும் ஒளியை மீட்டரில் அளந்தார். மைனஸ் இருபத்தொன்று காட்டியது. அந்த அளவு ஒளி வந்தால் இணைப்புக்குத் தாராளம் என்றார். ஆனாலும் அலுவலகத்திலிருந்து உத்தரவு வராமல் அவர் ஒயரை மாற்ற முடியாது. எங்கள் முகவரி கணினியில் ஏறாதவரை அலுவலகத்தார் உத்தரவு போட முடியாது.

நான் கிராம நிர்வாக அலுவலராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இறந்தவர் பெயரிலேயே பட்டா நீடிப்பதையும், தூர்ந்துபோன கிணறு பதிவேட்டில் பாசனக் கிணறாகவே இருப்பதையும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட இடங்களில் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு நாங்கள் பதில் எழுதியதில்லை. தல ஆய்வு செய்து, அக்கம்பக்கத்தில் விசாரித்து, கையெழுத்திட்டுத்தான் அறிக்கை தருவோம். அறிக்கை தவறாக இருந்தால் யாரைக் கேட்பது என்பதும் தெரியும். இங்கே ஐந்து பதில்களில் ஒன்றிலும் யாருடைய கையெழுத்தும் இல்லை.

பதில்கள் முரண்படுவதற்குக் காரணம் கண்டுபிடிப்பது பெரிய வித்தை அல்ல. வீட்டுக்கு வரும் ஃபைபர் முறையில், நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழையின் ஒளியை வழியில் ஸ்பிளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். கேபிள் ஊர் வழியாகப் போனாலே அந்த ஊருக்குச் சேவை உண்டு என்று விற்பனைப் பிரிவின் பட்டியல் எழுதிக்கொள்கிறது. பெட்டியில் ஒன்பதாவது வீட்டுக்குத் துளை உண்டா என்பது வேறொரு பட்டியல். இணைப்பு போன பிறகும் கழற்றப்படாத ஒயர் என்ற கணக்கு எந்தப் பட்டியலிலும் இல்லை. இவற்றோடு முகவரிக் குழப்பமும் சேர்கிறது. ஓர் அஞ்சல் குறியீட்டு எண்ணுக்குள் எங்கள் பக்கத்தில் பல ஊர்கள் அடங்கும். இட்டேரிக்கு அந்தப் பக்கம், கிளுவை வேலியைத் தாண்டி இருக்கும் பங்காளி வீடு வேறு ஊராட்சி, வேறு அஞ்சல் எண். அவர்களுக்கு இரண்டு ஆண்டுகளாக ஃபைபர் ஓடுகிறது. 2009-இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது காங்கயம் ஈரோட்டிலிருந்து பிரிந்து வந்துவிட்டது. நிறுவனத்தின் கணினியில் எங்கள் ஊர் இன்னும் ஈரோடு மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஊர்ப் பெயரில் உள்ள ‘பாளையம்’ என்பதை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதி, மூன்றையும் தனித்தனி ஊராகவே பதிந்து வைத்திருக்கிறார்கள். (ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் திருத்தி 2020-இல் தமிழக அரசு வெளியிட்ட ஆணையும் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கலாம்.) தோட்டங்களில் தனித்தனியாக வீடு கட்டிக் குடியிருக்கும் கொங்குப் பகுதியில் தெருப் பெயருக்கும் கதவு எண்ணுக்கும் இடமே இல்லாத வீடுகள் ஏராளம். ‘மேற்குத் தோட்டம்’ என்றால் அஞ்சல்காரருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது.

இது நம் ஊரில் மட்டும் நடக்கும் கோளாறும் அல்ல. அமெரிக்காவில் ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கட்டத்தில் ஒரே ஒரு வீட்டுக்குச் சேவை தர முடிந்தாலும், அந்தக் கட்டம் முழுவதற்கும் சேவை உண்டு என்று நிறுவனங்கள் கணக்குக் காட்டிவந்தன. அதை மாற்ற 2020-இல் சட்டம் இயற்றினார்கள். கட்டடம் கட்டடமாகப் பார்க்கக்கூடிய வரைபடம் 2022-இல் வெளியானது. தவறாகக் குறித்திருந்தால் வீட்டுக்காரரே ஆட்சேபணை தெரிவிக்கவும் அதில் வழி உண்டு.

இங்கே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006-இல் கொண்டுவந்த பிராட்பேண்ட் சேவைத் தர ஒழுங்குமுறை, 15 வேலை நாட்களுக்குள் இணைப்புத் தர வேண்டும் என்று கூறிவிட்டு, ‘தொழில்நுட்பச் சாத்தியத்துக்கு உட்பட்டு’ என்றும் சேர்த்தது. அந்தச் சாத்தியத்தை யார் முடிவு செய்வது, எதைப் பார்த்து முடிவு செய்வது, விண்ணப்பித்தவருக்கு எப்படித் தெரிவிப்பது என்பதில்தான் எங்களைப் போன்றவர்கள் மாட்டிக்கொள்கிறோம். செல்பேசி நிறுவனங்கள் எந்த இடத்தில் 2ஜி, 4ஜி, 5ஜி கிடைக்கிறது என்ற வரைபடத்தைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று, அதற்குப் பதிலாக வந்த 2024-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை சொல்கிறது. காற்றில் போகும் அலைக்கே வரைபடம் போட முடியுமென்றால், கம்பத்தில் தொங்கும் பெட்டிக்குப் போடுவதில் என்ன சிரமம்? தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் பாரத்நெட் பணியிலும் கணக்கு ஊராட்சி அளவில்தான் சொல்லப்படுகிறது. எங்கள் ஊராட்சி அலுவலகத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையே இரண்டு கிலோமீட்டர்.

வீட்டை அடையாளம் காட்ட வழியில்லை என்பதையும் ஏற்பதற்கில்லை. எங்கள் பக்கத்துத் தோட்டத்து வீடு ஒவ்வொன்றுக்கும் மின் இணைப்பு எண் இருக்கிறது. ஃபைபர் கேபிளும் அந்த மின்கம்பங்களின் மேல்தான் வருகிறது. அஞ்சல் துறை 2025-இல் அறிமுகப்படுத்திய டிஜிபின், நாட்டின் பரப்பை நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு தருகிறது. இவற்றில் ஏதாவது ஒன்றைக் கேட்டுவிட்டு, அந்தப் புள்ளிக்கு மிக அருகிலுள்ள பெட்டியில் துளை காலியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே ‘உண்டு’ என்று சொல்ல வேண்டும்; அதற்கு முன் பணம் வாங்கக் கூடாது. ‘இல்லை’ என்றால், கேபிள் வரவில்லையா, துளை இல்லையா, முகவரி பதியவில்லையா என்ற காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும். காரணம் தெரிந்தால் கேபிளுக்காகக் காத்திருப்பதா, முகவரியைத் திருத்தக் கேட்பதா, வேறு நிறுவனத்தை நாடுவதா என்று நாங்கள் முடிவு செய்துகொள்வோம். துண்டித்த இணைப்பின் ஒயரைக் கழற்றுவதற்கும் ஒரு கெடு வைக்க வேண்டும். தொலைத்தொடர்புத் துறையும் டிராயும் இவற்றை நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்க வேண்டுகிறேன்.

நான்காவது கம்பத்தில் அந்த இரண்டு ஒயர்களும் இதை எழுதும் நாள்வரை சணல் கயிற்றோடு தொங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. நிறுவனத்தார் யாரேனும் நேரில் வந்து பார்க்க விரும்பினால், காலை பத்து மணி வரை நான் வீட்டில் இருப்பேன். இட்டேரிக்குள் கார் வராது. தார்ச்சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர்,
காங்கயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.