பிப்ரவரிக்குள் உன் கடிதம் வரட்டும்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே ஜப்பானில் நான் நலம். அம்மா, ஆச்சி, பண்பொழி அத்தை எல்லாருடைய நலமும் அறிய ஆவல். கார்த்திகையில் நீ போட்ட கடிதமும் கூட வைத்திருந்த படக்கதைப் பக்கங்களும் வந்து சேர்ந்தன. பதில் இத்தனை நாள் தள்ளிப்போனதற்கு வேலைதான் காரணம், வேறொன்றும் இல்லை. ஆச்சியிடமும் அப்படியே சொல்லிவிடு.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உனக்குப் பிடித்த மங்கா (ஜப்பானியப் படக்கதை) ஓவியரை உனக்காக நான் நேரில் போய்ப் பார்க்க முடியும். புத்தகக் கடைகளில் ஓவியர் வந்து கையெழுத்துப் போடும் நாளை மட்டும் நம்பாதே. புதுப் பாகம் வாங்குகிறவர்களுக்கு எண் போட்ட சீட்டு கொடுப்பார்கள், பெயர் பெற்றவர் என்றால் குலுக்கல். அதைவிட நல்ல வழி கோமிடியா என்கிற படக்கதைச் சந்தை, வரைந்தவர்களே தங்கள் புத்தகத்தை விற்பது. 1984-ல் தொடங்கியது, டோக்கியோவில் வருஷத்துக்கு நாலு தடவை நடக்கிறது. சொந்தக் கற்பனையில் வரைந்ததற்கு மட்டும்தான் அங்கே இடம். ஆகஸ்டிலும் டிசம்பர் கடைசியிலும் நடக்கிற காமிக் மார்க்கெட் என்ற இன்னொரு சந்தையில் பிறர் கதாபாத்திரங்களை வைத்து வரைந்ததும் கலந்திருக்கும், கூட்டமும் சாரல் நேரத்துக் குற்றாலம் மாதிரி. கோமிடியாவில் பத்திரிகைத் தொடர் வரைகிறவர்கள்கூட, கைக்காசு போட்டு அச்சிட்ட சிறு புத்தகத்தோடு தாங்களே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். உன் ஓவியர் பெயரும் பிப்ரவரிக் கோமிடியாவின் பட்டியலில் இருக்கிறது.

இடம் டோக்கியோ பிக் சைட் என்ற கண்காட்சி அரங்கம். ஓமியா ஸ்டேஷனில் ஏறினால் சில ரயில்கள் நேரே ரின்காய் ரயில் பாதைக்குள் போகும், கொகுசாய் தென்ஜிஜோ ஸ்டேஷனில் இறங்க வேண்டும். முந்தின ராத்திரியே போய்ப் படுத்து வரிசை பிடிக்க அனுமதி இல்லை. விற்கிற ஒருவருக்குக் கிடைப்பது நீள மேஜையில் பாதி, 90 சென்டிமீட்டர். அவர் முன்னால் வரிசை இருந்தால், கடைசியில் நிற்பவர் கையில் ‘வரிசை முடிவு இங்கே’ என்ற பலகை இருக்கும். அதை வாங்கி நாம் பிடித்துக்கொண்டு, அடுத்து வருபவரிடம் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் நடுவில் போய் நிற்கிறவர்களால்தான் சங்கடம். சில்லறை ரொம்ப முக்கியம். 500 யென் காசும் 1000 யென் தாளுமாகக் கொண்டுபோக வேண்டும். 10,000 யென் தாளை நீட்டினால் காலை வியாபாரத்திலேயே அவர்களிடம் மீதி தீர்ந்துவிடும். புத்தகத்தைப் புரட்டுவதற்கு முன் ‘பார்க்கலாமா’ என்று கேட்கணும். கேட்காமல் போட்டோ எடுக்கவே கூடாது.

கையெழுத்தை வரிசை ஓய்ந்த பிறகுதான் கேட்க வேண்டும். ஷிகிஷி என்ற கெட்டி அட்டை 24.2-க்கு 27.3 சென்டிமீட்டர், நாமே வாங்கிப் போகலாம். அது மையை உறிஞ்சும், ஸ்பிரிட் மார்க்கர் என்றால் கோடு பரவிவிடும். அதனால் ஒரு நல்ல கறுப்பு பிரஷ் பேனாவும் கூடவே எடுத்துப்போவேன். உன் பெயரைக் கட்டகானா என்ற ஜப்பானிய எழுத்தில் பெரிதாகச் சீட்டில் எழுதி நீட்டினால் அவருக்குச் சிரமம் இல்லை. புத்தகத்தில் போட்டுத் தந்தால் பக்கத்துக்கு நடுவே மெல்லிய தாள் வைத்து மூட வேண்டும், இல்லாவிட்டால் ஈர மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அங்கே பேசக் கிடைப்பது ஒரு நிமிஷம்தான். பின்னால் ஆள் நிற்கும்போது மனசில் உள்ளதையெல்லாம் கொட்ட முடியாது. பேச வேண்டியதைக் கடிதம்தான் பேசும். ஆகவே நீ ஒரு கடிதம் எழுது. ஒரு தாள் போதும். ‘ரொம்பப் பிடிக்கும்’ என்று மட்டும் எழுதாதே. எந்தப் பாகத்தில் எந்தக் கட்டம், அதைப் பார்த்து உன் வரைதலில் எதை மாற்றினாய் என்று எழுது. தமிழிலேயே எழுது, கீழே நான் ஜப்பானிய மொழியில் எழுதிச் சேர்க்கிறேன். தின்பண்டம் வேண்டாம், சிலர் வாங்க மாட்டார்கள்.

கடிதத்தோடு உன் கதையையும் சிறு புத்தகமாக்கிக் கொடுக்கலாம். அடுத்த வீட்டுத் தாத்தா அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யாரோடும் பேசாதவர், குப்பைப் பையைத் தப்பான கிழமையில் வைத்தால் திரும்பக் கொண்டுவந்து என் வாசலில் வைக்கிற மனுஷன். உன் பக்கங்களைக் கண்ணாடி போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். நடுவில் பின் அடிக்கிற புத்தகத்துக்குப் பக்கம் நாலின் மடங்காக இருக்கணுமாம். உன்னிடம் 14 இருக்கிறது, 16 ஆக்கு. முதலில் தலைப்பு, கடைசியில் உன் பெயரும் தேதியும். பென்சில் நிழல் ஜெராக்ஸில் அழுக்காக விழும், பேனாவால் கோடு கோடாகப் போடு. ஓரத்தில் 3 மில்லிமீட்டர் வெட்டுப்படும், எழுத்தை உள்ளே தள்ளு. 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய். இங்கே வலமிருந்து இடம் படிப்பார்கள் என்று உன் படத்தைக் கண்ணாடி போல் திருப்பாதே, எல்லாரும் இடக்கைக்காரராகிவிடுவார்கள். எந்தப் பக்கமிருந்து படிப்பது என்று காட்ட அட்டையில் அம்புக்குறி போதும். இங்கே கடை ஜெராக்ஸ் ஒரு பக்கம் 10 யென், பி4 தாள் நாலில் இரு பக்கமும் எடுத்தால் புத்தகம் 80 யென்னில் முடிந்துவிடும். செலவைப் பற்றி நீ யோசிக்காதே.

குளிர் தாங்கும்படிதான் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு கல்லாகிவிட்டது, கத்தியால் குத்தி எடுக்கிறேன். அரிசி விலை கூடியதால் ராத்திரி நூடுல்ஸ், அதுவும் ருசிதான். அம்மா அனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் தீரப்போகிறது. தைப்பூசத்துக்குத் திருமலைக் கோயில் படியேறுவீர்கள். கொல்லம் ரயில் மலையேறும் சத்தம் ராத்திரி நம் வீட்டுத் திண்ணை வரை கேட்குமே, இங்கே தூக்கம் வராதபோது அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அடுத்த வருஷமாவது வரப் பார்க்கிறேன்.

ஆய்க்குடி அக்காவுக்குப் பொங்கல்படி தை கடைசிக்குள் வந்துவிடும். புத்தாண்டு லீவில் இங்கே எல்லாம் அடைப்பு, அதனால்தான் தாமதம். அத்தானிடம் நீயே பக்குவமாகச் சொல். கேரளப் பக்கம் இருக்கிற நம் ஆரியங்காவுப் பாக்குத் தோட்டத்தைப் புளியரை மாமா குத்தகைக்குக் கேட்கிறார் என்று எழுதியிருந்தாய். அது இன்னும் தாத்தா பெயரில்தான் கிடக்கிறது. போக்குவரவு, அதாவது பெயர் மாற்றம், செய்யாமல் குத்தகை எழுத்து போட வேண்டாம். வில்லேஜ் ஆபீஸில் கரம் (நிலவரி) அடைத்த ரசீது இரும்புப் பெட்டியில் அடித்தட்டில் இருக்கும், எந்த வருஷம் வரை கட்டியிருக்கிறது என்று பார்த்து எழுது. அதுவரை மாமாவிடம் முன்பணம் வாங்காதீர்கள். பிசான நெல் அறுப்புக்கு ஆள் கிடைக்காவிட்டால் பெரியப்பாவிடம் கேட்டால் மெஷினுக்கு ஏற்பாடு செய்வார். அம்மாவின் கண்ணை நெல் அறுப்புக்கு முன்னாலேயே டாக்டரிடம் காட்டிவிடு.

இப்படிக்கு,
உன் அண்ணன்