சந்துக்குள் ஆடிய இன்னொரு ஆள்

ஆஸ்கர் அகாடமியின் ஆளுநர் குழுவில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். இதை நீங்கள் படிக்கப் போவதில்லை என்று தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். திறந்த மடலை யார் பெயருக்கு எழுதுகிறோமோ அவர்களைவிட, வழியில் பிரித்துப் படிக்கிறவர்கள்தான் எப்போதும் அதிகம், எனக்கு அவர்கள் போதும். ஆனால் கேட்க வேண்டியதை உங்களிடம்தான் கேட்டாக வேண்டும், வேறு யாரிடம் கேட்பது?

டாமி ரால் என்ற பழைய ஹாலிவுட் நடனக்காரரின் பெயரை உங்கள் கூட்டத்தில் கடைசியாக எப்போது யார் உச்சரித்தார்கள்? குத்தலுக்காகக் கேட்கவில்லை. எனக்கே அந்தப் பெயர் கொஞ்ச காலம் முன்புவரை தெரியாது. 1953ல் வந்த 'கிஸ் மி கேட்' படத்தை நான் பார்க்க உட்கார்ந்தது ஆன் மில்லருக்காக. அந்தம்மா காலில் சதங்கை கட்டாமலே தரையைப் பேச வைப்பார், செருப்பின் தட்டலாலேயே தாளம் எழுப்பும் டாப் நடனத்தில் அந்த வேகம் எனக்கு எப்போதும் பிடிக்கும். படம் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு மொட்டைமாடிக் காட்சி வருகிறது. சூதாட்டத்தில் தோற்றுவிட்டு இன்னொருவர் பெயரில் கடன் சீட்டு எழுதிக் கொடுத்த ஒரு பையன், அவனிடம் நீ ஏன்டா ஒழுங்காக இருந்து தொலைக்க மாட்டேன் என்கிறாய் என்று ஆன் மில்லர் பாடுகிறார். அவன் வாயால் பதில் சொல்லாமல் ஆட ஆரம்பிக்கிறான். அந்த இடத்தில் நான் ஆன் மில்லரைப் பார்ப்பதையே மறந்துவிட்டேன். அவருடைய பரம ரசிகராக இருந்துகொண்டு இதை எழுதுவது எனக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

என்ன செய்தான் அந்தப் பையன் என்றால், எழும்பினான். எல்லா நடனக்காரர்களும்தான் எழும்புகிறார்கள். ஆனால் எழும்புவதற்கு முன் ஒரு தயாரிப்பு இருக்கும், முழங்கால் மடங்கும், தோள் ஒரு தரம் இறங்கும், முகத்தில் 'இதோ வரப்போகிறது' என்று ஒரு சேதி வந்துவிடும். இவனிடம் அது எதையும் காணோம். நடந்து போகிறவன் அடுத்த அடியை மாடிச் சுவரில் வைக்காமல் காற்றில் வைத்துவிட்ட மாதிரி இருந்தது. அப்புறம் இறங்கும்போது சத்தம் இல்லை. பூனை அலமாரியிலிருந்து குதித்தால் எப்படியோ அப்படி. காட்சியைத் திரும்ப ஓட்டினேன், மூன்றாவது முறை ஓட்டும்போது சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன், பாட்டுத் துணை இல்லாமலும் அந்த உடம்பில் தாளம் அப்படியே இருந்தது.

பிறகுதான் பெயர்ப் பட்டியலில் தேடினேன். டாமி ரால். அப்போது அவருக்கு வயது 23.

அதே படத்தில் ஆன் மில்லரைக் கட்டிக்கொள்ள மூன்று பேர் வரிசையில் நிற்பார்கள். ரால் ஒருவர், பாபி வான் ஒருவர், இன்னொருவர் பின்னாளில் நடன அமைப்பாளராகவும் இயக்குநராகவும் பேர் வாங்கிய பாப் ஃபாஸி. கடைசிப் பக்கம் மூன்று ஜோடிகள் ஆடும் ஒரு பாட்டு உண்டு. படத்துக்கு நடன அமைப்பு ஹெர்மீஸ் பான், ஆனால் ஃபாஸியும் கேரல் ஹேனியும் ஆடும் துண்டை மட்டும் ஃபாஸியே அமைத்துக்கொண்டார். ஒரு நிமிடம்கூட வராத அந்தத் துண்டில்தான் ஃபாஸி பாணி பிறந்தது என்று நடன வரலாறு எழுதுகிற எல்லோரும் எழுதிவிட்டார்கள். சரி, நியாயம்தான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே பாட்டில், அதே தரையில், ஆன் மில்லரோடு ஆடிய ஆளைப் பற்றி ஒரு வரி எழுதினால் மை தீர்ந்துவிடுமா?

இப்போது சந்துக்கு வருகிறேன். இந்த மடலே அந்தச் சந்துக்காகத்தான்.

1955ல் கொலம்பியா ஸ்டுடியோ தயாரித்த 'மை சிஸ்டர் எய்லீன்'. ரிச்சர்ட் குவைன் இயக்கம். நடன அமைப்பு பாப் ஃபாஸி, ஒரு முழுப் படத்துக்கு அவர் பெயர் அப்படி வந்தது அதுதான் முதல் தடவை. நடிக்கவும் செய்தார். எய்லீனாக வரும் ஜேனட் லீக்கு ரெண்டு பேர் ரூட் விடுகிறார்கள். ஒருவர் ஃபாஸி, சாதுவான ஆள். இன்னொருவர் ரால், பத்திரிகைக்காரர், வாய்ச் சவடால். அவள் உள்ளே போயிருக்கிற நேரத்தில் இருவரும் அரங்கத்தின் பக்கத்துச் சந்தில் காத்திருக்கிறார்கள். கோட், தொப்பி. பேசத் தொடங்கி, முறைத்து, நீ என்ன பெரிய இவனா என்ற கட்டம் வந்ததும், அடிதடிக்குப் பதிலாக ஆட்டம்.

ஃபாஸி ஆடும்போது உடம்பு உள்ளே சுருங்கும். முழங்கால் உள்பக்கம் பார்க்கும், தோள் காதை உரசும், தொப்பி கையிலிருந்து தலைக்கும் தலையிலிருந்து கைக்கும் போய்வரும், மணிக்கட்டு மட்டும் தனியாக ஒரு கதை சொல்லும். ரால் ஆடும்போது உடம்பு வெளியே திறக்கும். காலும் கையும் எங்கே போய் முடிகின்றன என்று திரைதான் சொல்ல வேண்டும். காற்றில் கிட்டத்தட்ட படுத்த வாக்கில் சுழன்று வந்து இறங்கும் ஒரு சுற்று இருக்கிறது, அதைப் பார்த்தால் எதிரில் நிற்கிற ஃபாஸியின் கதாபாத்திரம் மட்டுமில்லை, நாமும்தான் 'சரி, இதுக்கு மேல என்ன பண்றது' என்று நிற்போம். அப்புறம் ஃபாஸி ஏதாவது குறும்பு செய்வார். ரால் அதையும் வாங்கிக்கொண்டு பெரிதாக்கித் திருப்பிக் கொடுப்பார். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் நடக்கும்போது மிருதங்கம் ஒரு கோர்வை வைக்க, கடம் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு ஒரு தட்டு கூட்டுமே, கிட்டத்தட்ட அந்தக் கணக்கு.

இதில் எனக்குப் பெரிய மரியாதை ஃபாஸி மேல்தான், நம்பினாலும் நம்பாவிட்டாலும். ஆட்டத்தை அமைத்தவர் அவர். தன்னால் தொட முடியாத உயரத்துக்கு எதிராளி போவான் என்று தெரிந்தும், அதை மறைக்காமல் அப்படியே வைத்திருக்கிறார். அமைக்கிறவனுக்குத் தெரியும், கூட ஆடுகிறவன் யார் என்று. ஊருக்குத்தான் தெரியாமல் போய்விட்டது.

அந்தச் சந்தில் இருந்த ரெண்டு பேரில் ஒருவருக்கு 1973ல் 'கேபரே' படத்துக்காகச் சிறந்த இயக்குநர் ஆஸ்கர் கொடுத்தீர்கள், 'காட்ஃபாதர்' எடுத்த கொப்போலாவைத் தாண்டி. அதே வருஷம் மேடைக்கான டோனியும் டிவிக்கான எம்மியும் அவர் வீட்டுக்குப் போயின. இன்னொருவர் 1968ல் 'ஃபன்னி கேர்ள்' படத்தில் பார்பரா ஸ்ட்ரைசாண்ட் 'ஸ்வான் லேக்' என்ற அன்னப் பாலே நடனத்தைக் கேலி செய்யும் காட்சியில் இளவரசனாக வந்து போனார், 1981ல் 'பென்னீஸ் ஃப்ரம் ஹெவன்' படத்தில் ஸ்டீவ் மார்ட்டினோடு ஒரு ஆட்டம் ஆடினார், 2020 அக்டோபர் 6 அன்று சாண்டா மோனிகாவில் 90 வயதில் காலமானார்.

ஆளைப் பற்றி நாலு வரி. 1929 டிசம்பரில் கன்சாஸ் சிட்டியில் பிறந்து சியாட்டிலில் வளர்ந்தவர். சின்ன வயதில் மாறுகண், புத்தகம் படிப்பது கஷ்டம், அதனால் அம்மா நடன வகுப்பில் கொண்டுபோய் விட்டார். அந்தக் கண்ணோடு இருந்த பையன்தான் பிறகு காற்றில் சுழன்று இறங்க வேண்டிய இடத்தில் பிசகாமல் இறங்கினான். பதின்வயதில் யூனிவர்சல் படங்களில் டொனால்ட் ஓ'கானர் கும்பலோடு ஆடும் கூட்டத்தில் இருந்தார், பிறகு பாலே தியேட்டர் என்ற நடனக் குழு, பிறகு நியூயார்க்கின் பிராட்வே மேடை. அக்ரோபாடிக், டாப், பாலே மூன்றும் ஒரே உடம்பில். பாட்டும் வரும், கொஞ்சநஞ்சமாக இல்லை, பின்னாளில் ஓபரா மேடையில் பாடும் அளவுக்கு.

'செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்' உங்களுக்கு நினைவிருக்கும், 1954ல் சிறந்த படத்துக்கான போட்டியில் அதையும் வைத்திருந்தீர்கள். ஒரேகான் காட்டில் ஏழு அண்ணன் தம்பிகள். விவிலியத்திலிருந்து அகர வரிசையில், அதாவது ஆங்கில எழுத்து வரிசையில், அம்மா பெயர் வைத்துக்கொண்டே வருகிறாள். ஆடம், பெஞ்சமின், கேலப், டேனியல், எஃப்ராயிம். அடுத்து எஃப். அதில் பெயர் கிடைக்கவில்லை. பிள்ளை மணக்க மணக்க இருந்ததால் ஃப்ராங்கின்சென்ஸ் என்று வைத்துவிட்டாள். கிட்டத்தட்ட நம்ம ஊர் சாம்பிராணி. யாராவது முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அமெரிக்கக்காரர்கள் இதைப் பார்த்து எவ்வளவு சிரித்தார்களோ தெரியாது, மடச் சாம்பிராணி என்று திட்டு வாங்கி வளர்ந்த தமிழ்க் குழந்தைக்கு அந்தக் கோபத்தின் நியாயம் உடனே புரிந்துவிடும். அந்தச் சாம்பிராணிதான் ரால்.

அந்தப் படத்தில் மைக்கேல் கிட் அமைத்த கொட்டகை கட்டும் நடனம் உலகம் முழுக்கப் பிரபலம். பலகை, மரம் அறுக்கும் தாங்கு சட்டம், கோடாலி, எல்லாமே நடனச் சாமான். சகோதரர்களில் நியூயார்க் சிட்டி பாலேயிலிருந்து வந்த ஜாக் டாம்ப்வாஸ் இருக்கிறார், மார்க் பிளாட், மாட் மாட்டாக்ஸ் இருக்கிறார்கள், ஜிம்னாஸ்டிக்ஸ்காரர் ரஸ் டாம்ப்ளின் இருக்கிறார். பெஞ்சமினாக வரும் ஜெஃப் ரிச்சர்ட்ஸ் பேஸ்பால் ஆட்டக்காரர், நடனம் வராது, அவரை அழகாக ஓரமாக நிறுத்திவிட்டார்கள். ரசிகர்கள் டாம்ப்ளின் குட்டிக்கரணத்தைத்தான் பேசுவார்கள், கோடாலியைத் தாண்டிக் குதிக்கிறவனை யாருக்குத்தான் பிடிக்காது. நான் சொல்வது, அடுத்த முறை பார்க்கும்போது ரால் எந்த மூலையில் இருக்கிறார் என்று தேடி அவரை மட்டும் பின்தொடருங்கள். கூட்டத்தில் ஒருவராக நிற்கும்போதும் அவர் ஒரு அடியைக்கூடச் சும்மா வைப்பதில்லை.

பின் ஏன் பெரிய ஆள் ஆகவில்லை? நேரம்தான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். அவர் எம்ஜிஎம் ஸ்டுடியோவுக்குள் நுழையும்போதே அந்தக் கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. தியேட்டர்களை ஸ்டுடியோக்கள் கையிலிருந்து அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1948 தீர்ப்பு பிடுங்க ஆரம்பித்துவிட்டது, வீட்டுக்கு வீடு டிவி வந்துகொண்டிருந்தது, பெரிய மியூசிக்கல் எடுக்கிற செலவைப் பார்த்து முதலாளிகள் பயந்தார்கள். அந்தக் காலத்துப் பெரிய நடன நட்சத்திரம் ஜீன் கெல்லியே 1957ல் எம்ஜிஎம்மை விட்டுப் போய்விட்டார், புதுப் பையனை நட்சத்திரமாக்க யாருக்குப் பொறுமை? இன்னொன்றும் உண்டு, சொன்னால் ரால் ரசிகர்கள் கோபிப்பார்கள். இன்னொரு நடன நட்சத்திரம் ஃப்ரெட் அஸ்டேர் நடந்து வந்தாலே ஒரு ஆள் வருகிற மாதிரி இருக்கும். ரால் ஆட ஆரம்பித்தால்தான் ரால். நின்று பேசும்போது யாரோ ஒரு நல்ல பையன். கேமராவுக்கு அது போதவில்லை போலிருக்கிறது. எனக்குப் போதும்.

இனி உங்கள் பங்கு.

நடனத்துக்கு நீங்கள் ஒரு காலத்தில் தனி விருது வைத்திருந்தீர்கள். 1935, 36, 37, அந்த மூன்று ஆண்டுப் படங்களுக்கு மட்டும், அதோடு மூடிவிட்டீர்கள். மூன்று முறையும் பரிந்துரையில் இருந்த நடன அமைப்பாளர் பஸ்பி பெர்க்லிக்கு ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை, அது தனிக் கூத்து. பிறகு அவ்வப்போது கௌரவ விருது: அஸ்டேருக்கு, கெல்லிக்கு, ரொம்ப நாள் கழித்து 1997ல் மைக்கேல் கிட்டுக்கு. பெரிய மனிதர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிற மாதிரி. இப்போது நடிகர் தேர்வுக்குத் தனி விருது தொடங்கிவிட்டீர்கள், 2027 படங்களிலிருந்து ஸ்டண்டுக்கும் வருகிறது என்று அறிவித்திருக்கிறீர்கள். சந்தோஷம், உண்மையாகவே. மாடியிலிருந்து விழுகிறவருக்கு விருது உண்டு என்றால், அதே மாடியில் இசைக்குச் சரியாக எழும்பி இறங்குகிறதை யோசித்துக் கொடுத்தவருக்கு ஏன் இல்லை? இந்தியாவின் தேசிய விருதுகளில் நடன அமைப்புக்கு இடம் இருக்கிறது. மியூசிக்கலைக் கண்டுபிடித்த மாதிரி பேசுகிற ஊரில் இல்லை.

இறந்துபோனவருக்குச் சிலை கொடுங்கள் என்று கேட்கவில்லை. ஒரு மாலைப் பொழுது கேட்கிறேன். லாஸ் ஏஞ்சலீஸில் உங்கள் அருங்காட்சியகத்தில் ஆயிரம் பேர் உட்காரும் அரங்கம் இருக்கிறதே, அதில் 'கிஸ் மி கேட்' படத்தை அது எடுக்கப்பட்டபடியே 3டியில் போடுங்கள். கூடவே அந்தச் சந்துக் காட்சி. பின்னணிக் குரல், நிபுணர் பேட்டி, நடுவில் வெட்டி வெட்டி ஃபாஸியின் பிற்காலப் படங்கள், இதெல்லாம் வேண்டாம். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, தலையிலிருந்து கால்வரை தெரிகிற மாதிரி, அப்படியே ஓட்டுங்கள். அழைப்பிதழில் அவர் பெயரை முதலில் போடுங்கள். வாழ்ந்த காலத்தில் ஒரு போஸ்டரிலும் அவர் பெயர் முதலில் வந்ததை நான் பார்த்ததில்லை.

இப்படிக்கு,
ராத்திரி பத்து மணிக்கு மேல் பழைய பாட்டுப் படம் பார்க்கிற ஒரு ஆள்

பி.கு.: அந்த மூன்று ஜோடிப் பாட்டில் பாபி வானோடு ஆடும் ஜீன் காய்னைக் கவனித்தீர்களா? கெல்லியின் உதவியாளராக எத்தனையோ பேருக்கு அடி சொல்லிக் கொடுத்தவர். கேரல் ஹேனியும் அப்படித்தான். அடுத்த மடல் அவர்களைப் பற்றி, அதற்குள் இதற்கு ஒரு வழி பண்ணுங்கள்.