பம்பாயிலிருந்து திரும்பி வந்த நாயுடு

அன்புள்ள கண்ணு,

பட்டறையை மூடினாலும் அதன் கடன் ஒருவழியாக அடைந்துவிட்டது என்று நீ சொன்னதும் மனசு ஆறியது. ஆனால் சென்னைக் கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டும், "முதலாளியா இருந்துட்டு மறுபடியும் சம்பளத்துக்குப் போறதா?" என்று கேட்டாயே, அதை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஜி.டி. நாயுடு விஷயம் கொஞ்சம் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நம் ஊரில் எல்லோரும் சொல்லும் பாதிக் கதை உனக்கும் தெரியும். 1893-இல் சூலூர்ப் பக்கம் கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, கோயம்புத்தூர் ஓட்டல் ஒன்றில் சப்ளையராகச் சேர்ந்து காசு சேர்த்தார். 300 ரூபாய் கொடுத்து அந்த வண்டியை வாங்கி, அக்கு அக்காகக் கழற்றித் திரும்பப் பூட்டினார். அவ்வளவுதான், அடுத்த வரியிலேயே பஸ் முதலாளி ஆகிவிடுவார். சொல்கிறவர்கள் அப்படித்தான் தாவுகிறார்கள்.

நடுவில் நடந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் திருப்பூரில் பருத்தியிலிருந்து கொட்டையை நீக்கிப் பஞ்சு எடுக்கும் ஆலை வைத்து நன்றாகச் சம்பாதித்தார். அந்தத் தைரியத்தில் பம்பாய்க்குப் போய்ப் பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார். சேர்த்ததெல்லாம் போய்விட்டது. ஊருக்குத் திரும்பி வந்து, கோயம்புத்தூரில் தொழில் நடத்திய வெள்ளைக்காரர் ஸ்டேன்ஸ் துரையிடம் வேலைக்குச் சேர்ந்தார். ஆலை வைத்து நடத்திய மனுஷன், கண்ணு! நாலு பேர் நாலு விதமாகப் பேசாமலா இருந்திருப்பார்கள்? ஆனால் அந்த ஸ்டேன்ஸ்தான் அவரை நம்பி பஸ் வாங்கக் கடன் கொடுத்தார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ். அதையும் அவரே ஓட்டினார். அந்த ஒன்றிலிருந்துதான் யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனி வளர்ந்தது. சம்பளத்துக்குப் போனதால் அவர் சின்னவர் ஆகிவிடவில்லை. அடுத்த தொழிலுக்கு வழி அங்கேதான் திறந்தது.

அப்புறம் 1937-இல் பீளமேட்டில் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்மோட்டார் செய்தார். இந்தியாவிலேயே செய்த முதல் மின்மோட்டார் அது என்பார்கள். அதன் அருமை உன் வயதுப் பிள்ளைகளுக்குத் தெரியாது. உங்கள் அப்பிச்சி தோட்டத்தில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதுகூட, மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலைதான் ஓடியது. விடிவதற்கு முன்னாலேயே மாடு பூட்டுவார்கள். மாடுகள் சரிவில் இறங்க இறங்க வடக்கயிறு இறுகி, தண்ணீர் மொள்ளும் சால் தளும்பிக்கொண்டு மேலே வரும். தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். பிறகு மாடுகள் பின்னோக்கியே நடந்து மேட்டுக்கு ஏற வேண்டும். வெயில் ஏறுவதற்குள் மாடும் ஆளும் ஓய்ந்துவிடுவார்கள். பிறகு மோட்டார் வந்தது, ஒரு சுவிட்சைத் தட்டினால் போதும். நீலகிரியிலிருந்து வந்த பைக்காரா நீர்மின்சாரமும் நம் ஊரிலேயே செய்த மோட்டாரும் சேர்ந்துதான் கொங்கு நாட்டின் ஆழக் கிணறுகளுக்கு விடிவு காலம் வந்தது. கோயம்புத்தூர் பம்புசெட்டுக்குப் பேர் போன ஊரானதும் அந்த வழியில்தான்.

1945-இல் பாலிடெக்னிக் தொடங்கி முதல்வராகவும் இருந்தார். தொழில் படிப்பை வருஷக்கணக்கில் இழுக்க வேண்டாம், கையால் செய்து பழகினால் சீக்கிரமே முடிக்கலாம் என்பது அவர் பிடிவாதம். அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை, விலகிவிட்டார். அதில் எனக்கு அவர் கட்சிதான். நீயும் பட்டறையில் நின்று கற்றவன்தானே. அந்தக் கை வேலை பட்டறையோடு சேர்ந்து மூடிப் போகவில்லை.

சரி, திங்கட்கிழமை அந்தக் கம்பெனிக்குப் போன் பண்ணி வருகிறேன் என்று சொல். லேத்தை மட்டும் வந்த விலைக்குத் தள்ளிவிடாதே, லாரியில் ஏற்றி இங்கே அனுப்பு. மாட்டுக் கொட்டகை சும்மாதானே கிடக்கிறது, அப்பாவிடம் சொல்லி ஒழித்து வைக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா