ஞாயிறு காலைகளில் நான்கு மாசி வீதிகளையும் குடும்பங்கள் சைக்கிள் ஓட்டத் திறந்துவிடக் கோரும் மனு

அனுப்புநர்:
மாசி வீதிகளிலும் அவற்றை ஒட்டிய தெருக்களிலும் குடியிருக்கும் பெற்றோர்கள்,
மதுரை – 625001.

பெறுநர்:
உயர்திரு ஆணையாளர் அவர்கள்,
மதுரை மாநகராட்சி, அறிஞர் அண்ணா மாளிகை,
மதுரை – 625002.

நகல்: மதுரை மாநகரக் காவல் ஆணையர் அவர்கள்.

பொருள்: ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணி முதல் 9 மணி வரை நான்கு மாசி வீதிகளிலும் மோட்டார் வாகனப் போக்குவரத்தை நிறுத்திவைத்து, குடும்பத்தோடு சைக்கிள் ஓட்ட அனுமதிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையாளர் அவர்களுக்கு,

வணக்கம். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள கீழமாசி, தெற்குமாசி, மேலமாசி, வடக்குமாசி ஆகிய நான்கு வீதிகளையும் ஞாயிறு தோறும் காலையில் மூன்று மணி நேரம் எங்கள் பிள்ளைகளுக்குத் தாருங்கள் என்று கேட்டு இந்த மனுவைக் கொடுக்கிறோம். இப்போதே நிரந்தர உத்தரவு போடச் சொல்லவில்லை. சித்திரைத் திருவிழா முடிந்து, ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகு வரும் நான்கு ஞாயிறுகளில் நடத்திப் பாருங்கள். நல்லபடியாக நடந்தால் தொடருங்கள், சரிப்பட்டு வராவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

இந்தப் பகுதியில் வீடுகள் நெருக்கமானவை. பல வீடுகளில் திண்ணை இருந்த இடம் கடையாகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. வாசலைத் தாண்டிக் கால் வைத்தால் பைக்கும் ஷேர் ஆட்டோவும் சரக்கு வண்டியும்தான். குழந்தைக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்த வீடுகளில் அது மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. சந்துக்குள் இரண்டு சுற்று சுற்றிவிட்டு, பத்து வயதுப் பிள்ளை சலித்துப்போய் உள்ளே வந்துவிடுகிறது. பூங்காவுக்குக் கொண்டுபோனால் சைக்கிளை உள்ளே விடமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, நடக்க வருகிறவர்களுக்கும் இடம் வேண்டுமே.

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் படிக்கும் மாணவர்களுக்குத் தமிழக அரசு விலையில்லாச் சைக்கிள் தருகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் நல்ல திட்டம் அது. சைக்கிளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும் பிள்ளையை, "மெயின் ரோட்டுப் பக்கம் போகாதே" என்று நாங்களே தடுத்து நிறுத்துகிறோம். அரசு கொடுத்த சைக்கிளை அரசு போட்ட ரோட்டில் பயமில்லாமல் ஓட்ட வாரத்துக்கு மூன்று மணி நேரமாவது கிடைக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

மதுரைக்கு இது புதிய வேலை இல்லை. சித்திரைத் தேரோட்டத்தன்று இதே நான்கு வீதிகளிலும் ஒரு வண்டி ஓடாது. அதிகாலையிலேயே தடுப்புகள் போடப்பட்டு, போக்குவரத்து வெளி வீதிகள் பக்கம் திருப்பிவிடப்படுகிறது. மாற்றுப் பாதை முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. அத்தனை பெரிய கூட்டத்தையும் இரண்டு பெரிய தேர்களையும் மாநகராட்சியும் காவல்துறையும் சேர்ந்து ஆண்டுதோறும் நடத்திக் காட்டுகின்றன. கோயிலை ஒட்டிய சித்திரை வீதிகளில் வண்டிகள் ஓடுவதைத் தடை செய்தபோதும் ஊர் ஸ்தம்பித்துப் போகவில்லை, மக்கள் நடந்து பழகிக்கொண்டார்கள். நாங்கள் கேட்பது அதில் ஒரு சின்னப் பங்குதான். அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலையில், பெரும்பாலான கடைகள் திறக்காத நேரத்தில். சைக்கிள்கள் போகும் திசைக்கும் தேர் போகும் திசையே பொருத்தமாக இருக்கும். கீழமாசியில் தொடங்கி, தெற்கு, மேற்கு, வடக்கு என்று கோயிலை வலப்பக்கம் வைத்து எல்லோரும் ஒரே திசையில் சுற்றினால் எதிரும் புதிருமாக மோதிக்கொள்ளும் பேச்சுக்கே இடமில்லை.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சென்னை, கோவை, மதுரை என்று பல ஊர்களில், சாலையில் வண்டிகளைத் தடுத்து மக்கள் கூடிக் கொண்டாடும் 'ஹேப்பி ஸ்ட்ரீட்ஸ்' நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். மேடை, பெரிய ஸ்பீக்கர், டிஜே, ஆட்டம் பாட்டம் என்று இளைஞர்கள் திரளாக வந்தார்கள். அதில் தவறேதும் இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் ஆறு வயதுக் குழந்தையால் சைக்கிள் ஓட்ட முடியாது. எங்களுக்கு மேடை வேண்டாம், ஸ்பீக்கர் வேண்டாம், ஸ்பான்சர் பேனர், டி-ஷர்ட், சிறப்பு விருந்தினர், கொடியசைத்துத் தொடங்கிவைக்கும் நிகழ்ச்சி எதுவும் வேண்டாம். காலியான ரோடு மட்டும் போதும். மேடை போட்டால் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடத்த முடியும், அதற்குப் பணம் வேண்டும், ஆள் வேண்டும். காலி ரோட்டுக்குத் தடுப்பும் அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தால் போதும், வாரா வாரம் நடத்தலாம். வாரா வாரம் நடந்தால்தான் குழந்தைக்கு அது பழக்கமாகும். ஒரே நாளில் யாரும் சைக்கிள் கற்றுக்கொள்வதில்லை. முதல் வாரம் பின்னால் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும், அடுத்த வாரம் பிடித்த கையை விட வேண்டும், அதற்கும் அடுத்த வாரம்தான் குழந்தை தானாகத் திரும்பவும் நிறுத்தவும் கற்றுக்கொள்ளும்.

வெளியூர்களில் நிலைத்து நின்றவை எல்லாம் இப்படி வாரந்தோறும் நடப்பவையே. கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் 1974-இல் தொடங்கியது இன்றும் நடக்கிறது. ஞாயிறுகளிலும் விடுமுறை நாள்களிலும் காலை 7 மணி முதல் மதியம் 2 மணி வரை, 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்துக்குச் சாலைகளைக் கார்கள் இல்லாமல் மக்களுக்கு விடுகிறார்கள். அங்கே ஊரை முழுசாகப் பூட்டிவிடுவதில்லை. முக்கியச் சந்திப்புகளில் ஆள் நின்று, சைக்கிள்களைச் சற்று நிறுத்தி, குறுக்கே போகும் வண்டிகளைக் கடக்க விடுகிறார்கள். இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் ஞாயிறு காலை சுதிர்மான்–தம்ரின் பெருஞ்சாலையில் கார்கள் இருக்காது, ஆனால் பேருந்துகள் தங்கள் தடத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். நம் நாட்டில், டெல்லியை ஒட்டிய குருகிராமில் 2013 நவம்பரில் 'ராஹ்கிரி' என்ற கார் இல்லா நாள் தொடங்கியது. சென்னையில் 2014-இல் பெசன்ட் நகரில் மாநகராட்சியே கார் இல்லா ஞாயிறை நடத்தியது. அதே ஆண்டில் நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையையும் சென்னை மாநகராட்சி ஏற்றுக்கொண்டது. அந்த வரிசையில் மதுரையும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறோம்.

சட்டத்திலும் தடை இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 115-இன்படி, பொதுமக்களின் பாதுகாப்புக்காகவோ வசதிக்காகவோ ஒரு சாலையில் வாகனங்களைக் கட்டுப்படுத்த மாநில அரசும் அது அதிகாரம் அளித்த அலுவலர்களும் உத்தரவிடலாம். அந்தக் கட்டுப்பாடு ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்காது என்றால் அரசிதழ் அறிவிப்புகூடத் தேவையில்லை, உள்ளூரில் முறையாக விளம்பரப்படுத்தினால் போதும் என்று அதே பிரிவு சொல்கிறது. நான்கு ஞாயிறுகள் என்று நாங்கள் கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, இதனால் சிரமப்படக்கூடியவர்களைப் பற்றி. அவர்களை ஒதுக்கிவிட்டு இதைக் கேட்க எங்களுக்கு மனமில்லை, அவர்களில் பலர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் நடக்கிறது. சரக்கு இறக்கும் லாரிகள் 5.30 மணிக்குள் வெளியேறிவிட வேண்டும், 9 மணிக்குப் பிறகு மறுபடி வரலாம் என்று வணிகர் சங்கங்களை அழைத்துப் பேசி முடிவு செய்யுங்கள். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறுகளில் விளக்குத்தூண் பக்கம் நிற்கவே இடம் இருக்காது. தரையில் துணி விரித்து விற்பவர்களுக்கு ஆண்டு வருமானமே அந்தச் சில நாள்களில்தான். அந்த வாரங்களிலும், பொங்கலுக்கு முந்தைய வாரத்திலும், கோயில் விழாக்களில் சுவாமி புறப்பாடு மாசி வீதிகளுக்கு வரும் நாள்களிலும் எங்களுக்கு வேண்டாம்.

கோயிலுக்கு வருகிறவர்களில் ரயில் நிலையத்திலிருந்து டவுன்ஹால் ரோடு வழியாக நடந்து வருபவர்கள் அதிகம். மேலமாசி வீதியில் அவர்கள் கடக்கும் இடத்தில் ஒரு காவலரோ ஊர்க்காவல் படையினரோ நின்று சைக்கிள்களை நிறுத்தி வழிவிட்டால் போதும். மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி விடுதிகள் மாசி வீதிக்கு வெளியே இருப்பதால் அங்கே தங்குபவர்களுக்கு இடைஞ்சல் இல்லை. காரில் வருகிறவர்கள் விஷயம்தான் கொஞ்சம் சிக்கல். வடக்கு ஆவணி மூல வீதியில் உள்ள பல அடுக்கு வாகன நிறுத்தத்துக்கு மாசி வீதியைத் தாண்டித்தான் போக வேண்டும். எனவே வடக்குமாசியில் ஒரே ஓர் இடத்தில் குறுக்கே கடக்கும் வழி வைத்து, பொகோட்டாவில் செய்வதுபோல் நிறுத்தி நிறுத்தி விடலாம். எந்த இடம் என்பதைப் போக்குவரத்துக் காவல்துறைதான் சொல்ல வேண்டும்.

வீதிக்குள் குடியிருப்பவர்களுக்கு ஒரு விதி போதும் என்று நினைக்கிறோம்: இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம். பால்காரர், பேப்பர் போடுகிறவர், பூக்கட்டு கொண்டுவருகிறவர் எல்லோருக்கும் அது பொருந்தும். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, அமரர் ஊர்தி வந்தால் உடனே வழி கிடைக்க வேண்டும். ஆகவே தடுப்புகளைச் சங்கிலி போட்டுக் கட்டக் கூடாது, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆள் இருக்க வேண்டும். நடக்க முடியாத பெரியவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் ஆட்டோவையும் அப்படியே விட வேண்டும், கேள்வி கேட்டு நிறுத்தி வைக்கக் கூடாது.

மாநகராட்சி தன் பங்குக்குச் செய்ய வேண்டிய சில வேலைகள் உண்டு. ரோட்டு மட்டத்துக்கு மேலோ கீழோ நிற்கும் பாதாளச் சாக்கடை மூடிகளை முதல் ஞாயிறுக்கு முன்பே சரிசெய்ய வேண்டும். கார் சக்கரத்துக்குத் தெரியாத பள்ளம் குழந்தையின் சின்னச் சக்கரத்தைக் கவிழ்த்துவிடும். தெருநாய்கள் ஓடும் சைக்கிளைத் துரத்தும், அதனால் கருத்தடை, வெறிநோய்த் தடுப்பூசிப் பணிகளை இந்தத் தெருக்களில் முதலில் முடித்துத் தாருங்கள். சனிக்கிழமை இரவு சேரும் குப்பை ஞாயிறு விடியும் முன் அகற்றப்பட வேண்டும். அப்புறம், ரேஸ் சைக்கிளில் வேகமாகப் போகும் இளைஞர்களுக்கு இது பயிற்சிக் களம் இல்லை என்பதை அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். குழந்தையின் வேகம்தான் இங்கே வேகம். சக்கர நாற்காலியும் மூன்று சக்கரச் சைக்கிளும் தாராளமாக வரலாம்.

சைக்கிள் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பது எங்கள் கவலை. ஒரு காலத்தில் மணிக்கணக்கில் வாடகைக்குச் சைக்கிள் கொடுத்த கடைகள் இங்கே தெருவுக்குத் தெரு இருந்தன. குரங்குப் பெடல் போட்டு ஓட்டக் கற்றவர்களில் பாதிப் பேர் வாடகைச் சைக்கிளில்தான் கற்றார்கள். இப்போது மிஞ்சியிருக்கும் பஞ்சர் கடைக்காரர்களில் விருப்பமுள்ளவர்களுக்கு, ஞாயிறு காலையில் வாடகைச் சைக்கிள் வைக்கவும் காற்றடிக்கவும் வீதிக்கு ஓர் இடத்தைக் கட்டணமில்லாமல் ஒதுக்கித் தாருங்கள்.

குழந்தைகளைப் பற்றியே பேசிவிட்டேன். இதை எழுதும் நான் வடக்குமாசி வீதியில் இரண்டு பிள்ளைகளின் தாய். இங்கே கையெழுத்திட்ட அம்மாக்களில் பலருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ள ஆசை இருக்கிறது. இங்கிருந்து அதிக தூரமில்லாத புதுக்கோட்டையில், 1990-களின் தொடக்கத்தில், எழுத்தறிவு கற்பித்த அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார், பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். கூலி வேலைக்குப் போகிறவர்கள், கல் உடைப்பவர்கள், கிராமச் செவிலியர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டினார்கள். ஓர் அதிகாரி மனது வைத்து நடந்த காரியம் அது. தங்களிடம் இந்த மனுவோடு வரும் துணிச்சல் எங்களுக்கு அதிலிருந்துதான் வந்தது.

எங்கள் பங்காக, ஒவ்வொரு தடுப்பிலும் காவலருக்குத் துணையாகப் பெற்றோர் முறை வைத்து நிற்போம். நான்கு ஞாயிறுகளிலும் எத்தனை குழந்தைகள் வந்தார்கள், யாருக்கு என்ன சிரமம் ஏற்பட்டது, எந்தக் கடைக்காரர் என்ன சொன்னார் என்பதை எழுதித் தங்கள் அலுவலகத்தில் ஒப்படைப்போம். குறைகளையும் மறைக்காமல் எழுதுவோம்.

முடிவெடுக்கும் முன், ஒரு ஞாயிறு காலை தாங்களும் போக்குவரத்துக் காவல் அதிகாரிகளும் வந்து விளக்குத்தூணிலிருந்து எங்களோடு நான்கு வீதிகளையும் நடந்து பார்க்க வேண்டும். வணிகர்களையும் அன்றே அழைத்துப் பேசிவிடலாம். மே மாத இறுதிக்குள் தங்கள் பதில் கிடைத்தால், ஜூன் முதல் ஞாயிறுக்குத் தேவையான ஏற்பாடுகளைச் செய்ய எங்களுக்கு நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாசி வீதிப் பகுதிப் பெற்றோர்கள்

இடம்: மதுரை
இணைப்பு: கையெழுத்துப் பட்டியல், தடுப்புகளும் கடக்கும் இடங்களும் குறித்த கை வரைபடம்.