சனிக்கிழமை சென்ரியு

அன்புள்ள கயல்,

அறைத்தோழிகளோடு சனிக்கிழமை ஹைக்கூ விளையாடப் போவதாகவும், எல்லாம் சிரிப்பாக இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். அப்படியென்றால் நீங்கள் எழுதப்போவது சென்ரியு, ஹைக்கூ போலவே இருக்கும் ஜப்பானிய மூன்று வரிக் கவிதை. ஹைக்கூவுக்குப் பருவத்தைக் காட்டும் சொல்லும், ஓட்டத்தை நிறுத்தும் ஒரு வெட்டும் வேண்டும். சென்ரியுவில் அந்தக் கட்டாயம் இல்லை. மனுசப் புத்தி அகப்பட்டால் போதும்.

பிறந்ததே விளையாட்டில்தான். ஒருவர் 7-7 அசையில் ஒரு அடி கொடுப்பார், மற்றவர்கள் அதற்கு 5-7-5இல் கட்டுவார்கள். நம் ஊரில் ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்வது மாதிரி. ‘வெட்டலாம் போலவும் இருக்கு, வேண்டாம் போலவும் இருக்கு’ என்பது கொடுத்த அடி. ‘திருடனைப் பிடித்துப் பார்த்தால் சொந்த மகன்’ என்று கட்டினார்கள். இது மிகப் பழைய ஜோடி. பிறகு எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) 1757 முதல் இப்படிப்பட்ட போட்டிகளுக்குத் தேர்வாளராக இருந்தவர் கராய் சென்ரியு. அவர் பெயரே வடிவத்துக்கும் நிலைத்தது. 1765இல் அவர் தேர்ந்தவற்றைத் தொகுத்தபோது, கொடுத்த அடி இல்லாமலே புரிகிறவற்றை எடுத்தார்கள். நீங்களும் அப்படியே தலைப்பை மறைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். சிரிப்பு வராவிட்டால் கிழித்துப் போடலாம்.

5-7-5 எண்ண வேண்டாம். ஜப்பானியத்தில் நெடில் இரண்டாக எண்ணப்படும், ஒற்றும் ஒன்றாகும். தமிழில் அந்தக் கணக்கைப் பிடித்தால் நாலைந்து சொல்லிலேயே இடம் தீர்ந்துவிடும். மூன்று வரி, வரிக்கு இரண்டு முதல் நாலு சொல், அவ்வளவுதான்.

முதல் மாடியில் ஜிம்
ஓராண்டுச் சந்தா கட்டியாச்சு
லிஃப்டுக்குக் காத்திருக்கிறான்

‘லிஃப்ட்’ முதல் வரிக்கு ஏறினால் வேடிக்கை செத்துவிடும். கடைசியில் ‘சோம்பேறி’ என்று சேர்த்தாலும் அதே கதிதான், சிரிக்கிறவனுக்கு வேலையே மிச்சம் இருக்காது. புதிதாக எழுதுகிறவர்கள் பத்துக்கு எட்டு முறை இங்கேதான் வழுக்குவார்கள். இன்னொரு கோளாறு, ஒரே வாக்கியத்தை மூன்றாக ஒடித்து வைப்பது. சிலேடை ஒரு சுற்றுக்கு ஒன்று போதும். அதற்கு மேல் பட்டிமன்றம்.

தலைப்பு குறுகலாக இருக்கட்டும். ‘காதல்’ கொடுத்தால் எல்லோரும் நிலாவுக்குப் போய்விடுவார்கள். ‘பிரிட்ஜில் பேர் எழுதின டப்பா’ என்று கொடு.

ஆடும் முறையை ஜப்பானியரின் ‘குகாய்’ கூட்டத்திலிருந்து எடுத்துக்கொள். எட்டுப் பேர் இருந்தால் ஆளுக்கு மூன்று, இருபது நிமிடம். துண்டுச் சீட்டில் பெயர் போடாமல் எழுத வேண்டும். சீட்டுகளைக் கலைத்து, ஒருத்தியே எல்லாவற்றையும் எண் போட்டுப் படி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கையெழுத்து காட்டிக் கொடுத்துவிடும். பிறகு ஆளுக்கு மூன்று தேர்வு, சொந்தச் சரக்குக்கு ஓட்டு கிடையாது. தேர்ந்ததை உரக்க வாசித்த பிறகுதான் எழுதியவள் பெயரைச் சொல்லலாம். இந்தப் படியை மட்டும் விட்டுவிடாதே. பெயர் தெரிந்தால் டீம் லீடர் எழுதியதுதான் ஜெயிக்கும். ஊரில் இருப்பவர்கள் வாட்ஸ்அப்பில் உனக்குத் தனியாக அனுப்பட்டும். நீ எண் போட்டுக் குழுவில் இடு.

கிண்டல் எழுதுகிறவர் மீதே திரும்பினால் நல்லது. ஜப்பானின் டாய்-இச்சி லைஃப் காப்பீட்டு நிறுவனம் 1987இல் ‘சம்பளக்காரர் சென்ரியு’ என்ற பெயரில் தொடங்கிய போட்டி இத்தனை காலம் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். மேலாளரை, மனைவியைச் சொல்வதுபோல் இருக்கும், அடிபடுவது பெரும்பாலும் எழுதினவர்தான். அங்கே புனைபெயரும் பாதி வேடிக்கை, நீங்களும் வைத்துக்கொள்ளலாம். கூட்டத்தில் இருக்கும் ஒருத்தியின் உடம்பு, சம்பளம், முறிந்த காதல் மூன்றும் வேண்டாம்.

ஆரம்பிக்க ஒன்று:

மைக் அணைக்க மறந்த மீட்டிங்
மேலாளர் பேச்சின் நடுவே
கத்திரிக்கா கிலோ முப்பது

இரண்டு சுற்றுக்கு மேல் இழுக்காதே, மூன்றாவதில் ஃபார்வர்ட் ஜோக்குகள் வர ஆரம்பிக்கும். ஜெயித்ததை அனுப்பு, அம்மாவும் கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா