போஸ்ட் ஆபீஸ் கட்டடம் தப்பிச்சிருச்சு, எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம், சலாம். நம்ம கடற்கரைத் தெரு போஸ்ட் ஆபீஸ் மராமத்து ஒரு வழியா முடிஞ்சுது, திங்கக்கிழமையிலருந்து கவுன்ட்டர் பழைய இடத்துலயே நடக்கும்.

முதல் நன்றி கட்டடத்துக்காரவுகளுக்கு. பேருக்கு வர்ற வாடகைய வெச்சு சாரம் கூட கட்ட முடியாது, இடிச்சுட்டு கடை கட்டி விட்டா என்ன வரும்னு ஊருக்கே தெரியும், அப்படியும் "வாப்பா கட்டுனது, நிக்கட்டும்"னு சொன்னீங்களே காக்கா, அது பெருசு.

அடுத்து நம்ம கொத்தனார் ஐயா. பாதிப் பேரு சிமெண்ட் பூசி சீக்கிரம் முடிங்கன்னு நின்னப்ப மனுஷன் கரண்டியை கீழ வெச்சுட்டாரு. சுவரு பூரா பவளக்கல்லு, துளை துளையா இருக்கும், ஈரத்தையும் உப்பையும் இழுக்கும், சுண்ணாம்புப் பூச்சுன்னா அந்த ஈரம் வெளிய போயிரும், சிமெண்டால மூடுனா உள்ளயே தங்கி உப்பு பூத்து கல்லையே அரிச்சிரும். வாசல் பக்கம் முன்னாடி யாரோ சிமெண்ட் பூசுன இடத்த அவர் தட்டிக் காட்டுனாரு பாருங்க, அப்பளமா கையோட வந்துச்சு, அதுக்கப்புறம் யாரும் வாயத் திறக்கல. 1964 புயல்ல சிதைஞ்ச தனுஷ்கோடி சர்ச்சு சுவரும் இதே பவளக்கல்லுதான், கூரை போயும் இன்னும் நிக்குது. இப்ப பவளக்கல்லு வெட்டத் தடை, அதனால விழுந்த இடத்துல செங்கல்லை சுண்ணாம்புலயே வெச்சுக் கட்டுனாரு.

கலவைக்கு கருப்பட்டி குடுத்த பனையேறி அண்ணனுக்கும், கடுக்காய் ஊறவெச்ச தண்ணிய குடம் குடமா சுமந்த அக்காமாருக்கும் நன்றி (நாத்தம் தாங்கலன்னு நீங்க திட்டுனதும் ஞாபகம் இருக்கு). மேல கூரை மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்குக் கட்டை மேல செங்கல்லை நிக்க வெச்சு சாய்வா அடுக்குன வேலை, கரையான் தின்ன கட்டைய மட்டும் மாத்தி மத்தத தொடாம விட்ட ஆசாரிக்கு தனி நன்றி. அளவெடுத்து வரைஞ்சு குடுத்த காலேஜ் பசங்களுக்கும்.

1914ல பாம்பன் பாலம் வந்த பிறகு போட் மெயில் ரயிலு தனுஷ்கோடி வரைக்கும் போயி, அங்கருந்து கப்பல்ல தலைமன்னாரு தாண்டும், கொழும்புக் கடுதாசி எல்லாம் அப்படித்தான் வந்து போச்சுன்னு சாயங்காலம் சாயங்காலம் வந்து உக்காந்து சொன்ன ரிட்டயர்டு போஸ்ட்மேன் மாமாவுக்கு, டீ செலவு எங்களோடது.

வடக்குச் சுவரு பூச்சு இன்னும் இறுகல. யாரும் சைக்கிள சாய்க்காதீங்க, ஆணியால பேரு கீறாதீங்க, போஸ்டர் ஒட்டுறவுக தயவு செஞ்சு அடுத்த சுவரப் பாருங்க.